சான் ஃபிரான்சிஸ்கோ மேடுகளில் ஒற்றை கியர் சைக்கிள் சரிப்படுமா?

சமவெளியான்

வணக்கம் நண்பர்களே. வேலை மாறி சான் ஃபிரான்சிஸ்கோ வந்திருக்கிறேன். வீடு இன்னர் சன்செட், அலுவலகம் சோமா. சென்னையில் இருந்தவரை கியர் இல்லாத சைக்கிள்தான். அங்கே மேடு என்றால் மேம்பாலம், அவ்வளவுதான். இங்கே சில தெருக்களில் நடைபாதையையே படிக்கட்டாகக் கட்டி வைத்திருக்கிறார்கள்! ஆனால் அதே ஊரில் ஒற்றை கியரில் போகிறவர்களையும் தினமும் பார்க்கிறேன்.

ஒரு பழைய ஸ்டீல் வண்டி விலைக்கு வருகிறது. முன் பல்சக்கரத்தில் 46 பல், பின்னால் 17. பின் ஹப்பில் ஒரு பக்கம் ஃபிக்ஸட் (சக்கரத்தோடு பெடலும் சேர்ந்தே சுற்றும்), சக்கரத்தைத் திருப்பிப் போட்டால் மறுபக்கம் ப்ரீவீல் (வழக்கமான சைக்கிள்போல் காலை நிறுத்தி வைக்கலாம்) மாட்டலாம். பிரேக் எதுவும் இல்லை, முன் ஃபோர்க்கில் துளை மட்டும் இருக்கிறது. ஃபிக்ஸட் நான் ஓட்டியதே இல்லை. இந்த ஊருக்கு இது ஒத்துவருமா, இல்லை பேசாமல் கியர் வண்டி வாங்கிவிடவா?

பெர்னல்மேட்டுக்காரி

ஒத்துவரும். உங்கள் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் நடுவில்தான் இந்த ஊரின் அருமையான சைக்கிள் வழி இருக்கிறது. 'விகிள்' என்று கேளுங்கள், யாரும் காட்டுவார்கள்.

காலையில் கோல்டன் கேட் பூங்காவுக்குள் போய், கார் விடாத ஜேஎஃப்கே சாலை வழியாகப் பான்ஹேண்டில் பாதையைப் பிடியுங்கள். அது முடிகிற இடத்தில் ஓக் ஸ்ட்ரீட்டில் சைக்கிள் தடம் இருக்கும். அப்புறம் ஸ்காட், ஹெய்ட், பியர்ஸ், வாலர், ஸ்டைனர், டுபோஸ் என்று இடமும் வலமுமாகத் திரும்பிக்கொண்டே போனால் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் கொண்டுபோய் விட்டுவிடும். தரையில் பச்சை அடையாளம் போட்டிருக்கிறார்கள், தொலைந்துபோக மாட்டீர்கள். அந்தக் காலத்தில் ஓடை ஓடிய பள்ளத்தை ஒட்டியே இந்த வழி போகிறது. சுற்றிலும் குன்று நின்றாலும் பாதையில் ஏற்றம் 6 சதவீதத்தைத் தாண்டாது. மார்க்கெட் ஸ்ட்ரீட்டின் கீழ்ப்பகுதியில் 2020-இல் சொந்தக் கார்களுக்குத் தடை போட்டார்கள், அதனால் அங்கிருந்து சோமா வரை சமதளத்தில் நிம்மதியாகப் போகலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. டுபோஸும் சர்ச் ஸ்ட்ரீட்டும் சந்திக்கிற இடத்தில் டிராம் தண்டவாளங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கின்றன. பனிமூட்டத்தில் நனைந்திருக்கும்போது சோப்பு தடவியதுபோல் வழுக்கும். நேர் குறுக்காகக் கடக்கவும், தண்டவாளத்தின் மேல் திரும்ப வேண்டாம்.

கியர் இல்லாதவர்களுக்கு இந்த ஊரில் வழிதான் கியர். ஃபில்பர்ட் ஸ்ட்ரீட்டில் ஹைடுக்கும் லெவன்வொர்த்துக்கும் நடுவே 31.5 சதவீதம், 22-ஆம் தெருவில் சர்ச் ஸ்ட்ரீட் பக்கம் அதே அளவு. அங்கேயெல்லாம் யாரும் வேலைக்குப் போகிற வழியில் ஏறுவதில்லை. கியர் வண்டிக்காரர்களும்தான்.

கொம்புஹேண்டில்

அக்கா சொன்ன வழி நல்ல வழி. ஃபிக்ஸட் பக்கத்திலேயே ஓட்டுங்கள், பழகிவிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டீர்கள். பிரேக் தேவையில்லை, கால்தான் பிரேக். இந்த ஊர் கூரியர் பையன்கள் எத்தனை வருஷமாக அப்படித்தான் ஓட்டுகிறார்கள். 2000-களில் இந்த மேடுகளில் பிரேக் இல்லாமல் சறுக்கிக்கொண்டே இறங்கும் வீடியோக்களைப் பார்த்துத்தானே உலகம் முழுக்க ஃபிக்ஸி, அதாவது ஃபிக்ஸட் வண்டிப் பைத்தியம் பிடித்தது!

பல்சக்கரம்

தம்பி, புதிதாக வருகிறவரிடம் இப்படிச் சொல்லாதீர்கள்.

சமவெளியான், முதலில் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். ஃபிக்ஸட் ஹப்பில் சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். காலை நிறுத்தி வைக்க வழியில்லை. வேகத்தைக் குறைக்க வேண்டுமென்றால் பெடலைப் பின்னோக்கி அழுத்தி எதிர்க்க வேண்டும். அந்த எதிர்ப்பு போய்ச் சேர்வது பின் சக்கரத்துக்கு மட்டும். நிறுத்தும்போது உடம்பின் எடை முன்னால் சாய்கிறது, பின் டயர் தரையில் லேசாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. சமதளத்திலேயே பின் சக்கரத்தை மட்டும் நம்பினால், முன் பிரேக் தரும் நிறுத்தத்தில் பாதிதான் கிடைக்கும்.

இறக்கத்தில் இது இன்னும் மோசம். மணிக்கு 30 கிலோமீட்டரில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த சமதளத்தில் முன் பிரேக்கோடு சுமார் 7 மீட்டரில் நிற்கலாம், பின் சக்கரத்தால் மட்டும் என்றால் சுமார் 14 மீட்டர். அதே வேகத்தில் 10 சதவீத இறக்கத்தில் முன் பிரேக் இருந்தால் 9 மீட்டருக்குள். பின் சக்கரத்தால் மட்டும் என்றால் 23 மீட்டரைத் தாண்டிவிடும். சாய்வு உங்களைக் கீழே இழுக்கிறது, அதே சாய்வு பின் டயரின் பிடியையும் குறைக்கிறது. இதெல்லாம் தோராயக் கணக்குதான், டயர், தார், உட்காரும் விதம் பொறுத்து மாறும். ஆனால் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம் என்பது மாறாது. அந்த வித்தியாசத்துக்குள் ஒரு குறுக்குத்தெருவே வந்துவிடும்.

ஃபோர்க்கில் துளை இருக்கிறதல்லவா? வண்டி வாங்கிய அன்றே முன் பிரேக் மாட்டிவிடுங்கள்.

கொம்புஹேண்டில்

ஐயா, கணக்கு சரி. ஆனால் பிரேக் இல்லாதவன் அந்த இறக்கத்தில் 30-இல் போக மாட்டான். மேலேயிருந்தே காலால் பிடித்துக்கொண்டு 15-இல் இறங்குவான். சிக்னலை நூறு அடிக்கு முன்பே படித்துவிடுவான். பிரேக் இருக்கிறது என்ற தைரியத்தில் கண்மண் தெரியாமல் இறங்குகிறவனைவிட இது பாதுகாப்பு இல்லையா?

பல்சக்கரம்

நிதானம் நல்லதுதான், ஆனால் காரின் கதவைத் திறக்கிறவருக்கு உங்கள் நிதானம் தெரியாது.

இன்னொன்றும் சொல்கிறேன். பிரேக் இல்லாத வண்டி வெலோட்ரோமுக்காக, அதாவது சைக்கிள் பந்தய வட்டத்துக்காகப் பிறந்தது. சான் ஹோசேயில் ஹெல்யர் வெலோட்ரோம் இருக்கிறது, போய்ப் பாருங்கள். எல்லோரும் ஒரே திசையில் சுற்றுகிறார்கள், சிக்னல் இல்லை, நாய் இல்லை, பஸ் இல்லை. அங்கே ஒருவன் திடீரென்று பிரேக் பிடித்தால்தான் ஆபத்து, அதனால்தான் பிரேக்கே வைப்பதில்லை. அந்தக் காரணம் ஃபில்மோர் இறக்கத்துக்குப் பொருந்தாது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியா வாகனச் சட்டம் 21201-இன்படி, காய்ந்த, சமமான, சுத்தமான தரையில் ஒரு சக்கரத்தையாவது சறுக்க வைக்கக்கூடிய பிரேக் சைக்கிளில் இருக்க வேண்டும். கால்தான் அந்தப் பிரேக் என்று ஃபிக்ஸிக்காரர்கள் வாதாடுவார்கள். சரி, இருக்கட்டும். ஆனால் அந்தச் சோதனை 'சமமான தரையில்' என்பதைக் கவனியுங்கள். சட்டம் எழுதியவர் இந்த ஊரை நினைத்து எழுதவில்லை. பிரிட்டனில் 1983-ஆம் வருட விதிகள் இன்னும் தெளிவு: இரண்டு தனித்தனி பிரேக் அமைப்பு வேண்டும், ஃபிக்ஸட் சக்கரத்தைப் பின் பிரேக்காக ஏற்றுக்கொள்வார்கள், முன் பிரேக் இல்லாமல் சாலைக்கு வர முடியாது.

பெர்னல்மேட்டுக்காரி

தென் கொரியாவில் 2025-இல் இதற்காகப் போலீஸ் கெடுபிடியே நடந்தது. பள்ளிப் பிள்ளைகளிடையே பிரேக் கழற்றிய ஃபிக்ஸி பரவி, இறக்கத்தில் ஒரு பையன் உயிர் போனபிறகு. சியோலும் மேடும் பள்ளமுமான ஊர்தான்.

குன்னூர்வாசி

இந்த இழையைப் படித்தால் சிரிப்பாக இருக்கிறது. நீங்கள் காசு கொடுத்து வாங்குகிற இந்த 'சிங்கிள் ஸ்பீடு' எங்கள் ஊரில் வெறும் சைக்கிள். 22 இஞ்ச் கறுப்பு வண்டி, கேரியர், கம்பி பிரேக், கியர் என்ற பேச்சே இல்லை.

கீழ்க் குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து சிம்ஸ் பார்க் வரை அதை யாரும் மிதிப்பதில்லை. இறங்கி, இருக்கையில் ஒரு கையும் ஹேண்டில்பாரில் ஒரு கையுமாக உருட்டிக்கொண்டு போவதுதான் வழக்கம். அதில் வெட்கம் ஒன்றுமில்லை, மூட்டை ஏற்றியிருந்தால் எப்படியும் உருட்டத்தான் வேண்டும். உங்கள் ஊரில் பையன்கள் இறங்கி உருட்டுவதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கிறார்கள் போல.

இறக்கம்தான் எங்களுக்கும் பயம். இரும்பு ரிம்மில் மழைத் தண்ணீர் பட்டால் கம்பி பிரேக் பிடிக்கவே பிடிக்காது. பழைய ஆட்கள் மழையில் இறக்கத்தையும் உருட்டிக்கொண்டேதான் வருவார்கள்.

பல்சக்கரம்

குன்னூர் அண்ணன் சொன்னதில் முழு நியாயம் இருக்கிறது. டூர் டி பிரான்ஸ் வீரர்களே 1937 வரை டிரெய்லியர் கியர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கியர்) இல்லாமல்தான் பிரெனீஸையும் ஆல்ப்ஸையும் ஏறினார்கள், விதி அனுமதிக்கவில்லை. பின் ஹப்பின் இரண்டு பக்கமும் வேறு வேறு பல் எண்ணிக்கையில் பல்சக்கரம் வைத்திருப்பார்கள். மலையடிவாரம் வந்ததும் இறங்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டுக்கொண்டு ஏறுவார்கள். உச்சியில் மறுபடி திருப்புவார்கள். சமவெளியான் வாங்கப்போகிற வண்டியில் இருப்பதும் அந்த ஹப்தான்.

சமவெளியான்

எல்லோருக்கும் நன்றி. முன் பிரேக் உறுதி. அந்த விவாதத்தை இதோடு முடித்துக்கொள்ளலாமே, அடிதடி ஆகிவிடும் போல இருக்கிறது. :)

46-க்கு 17 இந்த ஊருக்குச் சரியா? கடையில் ஒருவர் 'கால் பலமானால் எல்லாம் ஏறும்' என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பல்சக்கரம்

காலில் பலம் எவ்வளவு வேண்டும் என்பதையே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

46/17 என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் 2.7 சுற்று, வண்டி சுமார் 5.7 மீட்டர் நகரும். 42/18 என்றால் 2.33 சுற்று, 4.9 மீட்டர். உங்களையும் வண்டியையும் பையையும் சேர்த்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம், கிராங்க், அதாவது பெடலைத் தாங்கும் கையின் நீளம் 170 மி.மீ. பத்து சதவீத ஏற்றத்தில் புவியீர்ப்பை மட்டும் சமாளிக்க, 46/17-இல் பெடலில் சராசரியாக 42 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் வேண்டும், 42/18-இல் 36 கிலோ. இது சராசரி. கால் மேலேயும் கீழேயும் இருக்கும்போது அழுத்தம் கிட்டத்தட்ட பூஜ்யம், அதனால் நடுவில் ஒன்றரை மடங்கு வரும். அதாவது 46/17-இல் ஒவ்வொரு மிதிக்கும் முழு உடம்பையும் பெடல்மேல் ஏற்றி நிறுத்த வேண்டும். 15 சதவீதத்தில் உடம்பு எடையே போதாது, ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்து மிதிக்க வேண்டும். அதனால்தான் ஃபிக்ஸிக்காரர்கள் மேட்டில் எழுந்து நின்று வண்டியை இரண்டு பக்கமும் ஆட்டுகிறார்கள்.

விகிளின் 6 சதவீதம் இரண்டிலும் ஏறிவிடும். மணிக்கு 12 கிலோமீட்டரில் ஏறினால் 46/17-இல் நிமிடத்துக்கு 35 சுற்று, 42/18-இல் 41. இரண்டுமே மெதுவான, கனமான மிதிதான், ஆனால் தூரம் கொஞ்சம்தான்.

இப்போது மறுபக்கம். ஏறுவதற்காகக் கியரைக் குறைத்தால் ஃபிக்ஸட் வண்டியில் இறக்கத்தில் கால் பறக்கும். மணிக்கு 40-இல் 46/17-க்கு 117 சுற்று, 42/18-க்கு 136. 50-ஐத் தொட்டால் 147, 170. பழகாதவருக்கு 120-க்கு மேல் இடுப்பு இருக்கையில் குதிக்க ஆரம்பிக்கும். அப்போது காலைப் பெடலிலிருந்து எடுத்துவிட்டால் அது சுழன்று வந்து முட்டியில் அடிக்கும், மறுபடி பிடிப்பது கஷ்டம். அதனால்தான் காலைப் பெடலோடு பிணைக்கும் ஸ்ட்ராப்போ கிளிப்போ இல்லாமல் ஃபிக்ஸட் ஓட்டக்கூடாது என்கிறேன்.

மேடு உங்களை மெதுவாக்கும், அவ்வளவுதான். குன்னூர் அண்ணன் சொன்னதுபோல இறங்கி உருட்டலாம். இறக்கத்தில் அப்படி ஒரு வசதி கிடையாது. அதனால் கியரைத் தேர்ந்தெடுக்கும்போது எந்த இறக்கத்தில் போகப்போகிறீர்கள் என்று பாருங்கள், எந்த மேட்டில் ஏறப்போகிறீர்கள் என்று அல்ல. ப்ரீவீல் என்றால் இந்தச் சிக்கலே இல்லை, எவ்வளவு லேசான கியரும் போடலாம், இறக்கத்தில் காலைச் சும்மா வைத்துக்கொண்டு வரலாம். ஆனால் அப்போது கால் பிரேக் ஆகாது, பின் பிரேக்கும் கட்டாயம் வேண்டும்.

கண்டிவீதி

நான் கண்டியில் இருக்கிறேன். 2022-இல் பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது ஒரு லுமாலா சைக்கிள் வாங்கினேன், கியர் இல்லாதது. வாவியைச் சுற்றியும் பேராதனை வீதியிலும் ஒரு பிரச்சினையும் இல்லை. நகரம் கிண்ணம் போன்றது; நடுவில் சமம், எந்தப் பக்கம் போனாலும் ஏற்றம். ஹந்தானை மலைப் பக்கம் போனால் உருட்டல்தான்.

ப்ரீவீலையே போடச் சொல்வேன். மேட்டில் களைத்துப்போய் உச்சிக்கு வந்தால் இறக்கம்தானே ஓய்வு. ஃபிக்ஸட்டில் அந்த ஓய்வும் இல்லை என்றால் எதற்கு அந்தத் தண்டனை?

கொம்புஹேண்டில்

தண்டனை இல்லை அண்ணே. மேட்டில் கால் மேல்புள்ளியில் நின்றுபோகிற நேரத்தில் சக்கரமே பெடலைத் தள்ளி அந்த இடத்தைக் கடத்திவிடும். அதே பல் எண்ணிக்கையில் ப்ரீவீலைவிட ஃபிக்ஸட்டில் ஏறுவது கொஞ்சம் சுலபமாகத் தோன்றும். ஓட்டிப் பார்க்காமல் இது புரியாது.

பல்சக்கரம்

இந்த ஒரு விஷயத்தில் தம்பி சொல்வதுதான் சரி.

முழங்கால்

நான் பிசியோதெரபி படித்தவள், வேலையும் அதுதான். 35 சுற்றில் எடையைப் போட்டு மிதிக்கும்போது முட்டிச் சில்லுக்குப் பின்னால் அழுத்தம் ஏறுகிறது. இறக்கத்தில் எதிர்த்து மிதிக்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே இழுக்கிறது, இதற்கு நம் உடம்பு பழகியதில்லை. மலை இறங்கி நடந்த மறுநாள் தொடை வலிக்குமே, அதே வகை வலி.

இருக்கை தாழ்வாக இருந்தால் முட்டி சீக்கிரம் கெடும். நம் ஊர்ப் பழக்கத்தில் கால் தரையில் முழுசாக ஊன்றும்படி இருக்கையை இறக்கி வைப்போம், அதை முதலில் மாற்றுங்கள். முட்டியின் முன்பக்கம் வலித்தால் பின்னால் இரண்டு பல் கூட்டுங்கள். வைராக்கியம் காட்ட வேண்டாம்.

பெர்னல்மேட்டுக்காரி

இரண்டுங்கெட்டான் வழி ஒன்றும் இருக்கிறது. ஸ்டர்மி-ஆர்ச்சர் எஸ்3எக்ஸ் என்று மூன்று வேக ஃபிக்ஸட் ஹப். மேல் கியர் நேரடி, அடுத்தது 75 சதவீதம், கீழ் கியர் 62.5. மேட்டில் சொர்க்கம். ஆனால் முன்னும் பின்னும் மிதிக்கும்போது நடுவில் கொஞ்சம் 'கடகட' என்று விட்டுப் பிடிக்கும், ஃபிக்ஸட்டின் இறுக்கம் இருக்காது. என் வீட்டுக்காரர் வைத்திருக்கிறார், எனக்குப் பிடிக்கவில்லை.

களைத்துப்போனால் முனி என்ற நகர பஸ்ஸின் முன்னால் சைக்கிள் ரேக் இருக்கிறது, மாட்டிவிட்டு ஏறிவிடுங்கள். நான் பெர்னல் உச்சிக்கு வீடு திரும்பும்போது பாதி நாள் அப்படித்தான்.

சமவெளியான்

முடிவு செய்துவிட்டேன். முன், பின் இரண்டு பிரேக்கும். ஒரு பக்கம் 42/18 ஃபிக்ஸட், மறுபக்கம் ப்ரீவீல். முதலில் ப்ரீவீலில் வழி பழகிவிட்டு அப்புறம் ஃபிக்ஸட். பழகுவதற்குச் சமமான இடம் ஏதாவது பக்கத்தில் உண்டா?

பெர்னல்மேட்டுக்காரி

கோல்டன் கேட் பூங்காவில் போலோ ஃபீல்ட்ஸ். மைதானத்தைச் சுற்றிப் பழைய சைக்கிள் தடம் இருக்கிறது, உங்கள் வீட்டிலிருந்து ரொம்பப் பக்கம். கார் வராது. காலை நிறுத்த வேண்டும் என்ற பழக்கம் விட்டுப்போகிறவரை அங்கேயே சுற்றுங்கள். ஷூ லேஸை உள்ளே செருகிக்கொள்ளுங்கள், செயின் இழுத்துக்கொண்டால் வண்டி உங்களுக்காக நிற்காது. வேட்டி வேண்டவே வேண்டாம்.

பல்சக்கரம்

செயின் துடைக்கும்போதும் அதே கவனம். ஸ்டாண்டில் போட்டு சக்கரத்தைச் சுற்றிவிட்டுத் துணியைப் பிடிக்காதீர்கள். ப்ரீவீல் போல நின்றுவிடாது, விரல் போய்விடும்.

42/18 வேண்டாம், 17-ஐயே வைத்துக்கொள்ளுங்கள். காரணம் டயர். பின் சக்கரத்தைப் பூட்டிச் சறுக்கும்போது பெடல் எப்போதும் ஒரே நிலையில் இருக்கும். 42-ஐயும் 18-ஐயும் சுருக்கினால் 7/3, அதாவது டயரில் மூன்றே இடங்கள்தான் தரையில் மாறி மாறித் தேயும். எந்தக் கால் முன்னால் இருந்தாலும் சறுக்கத் தெரிந்தவருக்கு ஆறு. 42/17-ஐச் சுருக்க முடியாது, பதினேழு இடங்கள். 48/16 போட்டவர்கள் பாவம், சுருக்கினால் 3/1, டயரில் ஒரே இடத்தில் ஓட்டை விழும். முன் பிரேக் இருப்பதால் நீங்கள் அதிகம் சறுக்கப்போவதில்லை, ஆனாலும் இலவசமாகக் கிடைப்பதை ஏன் விட வேண்டும்?

ஆக, மாற்ற வேண்டியது முன் பல்சக்கரம் மட்டும். 46-இலிருந்து 42-க்கு வந்தால் செயினில் சரியாக ஒரு இஞ்ச், அதாவது ஒரு ஜோடி கண்ணி எடுத்தால் போதும். மறுபக்கத்துக்கு 19 பல் ப்ரீவீல். இரண்டு பல் வித்தியாசத்துக்கு அச்சு சுமார் 6 மி.மீ. நகரும், அச்சு உட்காரும் டிராப்-அவுட் பிளவில் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சக்கரம் திருப்பும்போது பின் பிரேக் கட்டைகள் ரிம்மில் சரியாக உட்காருகின்றனவா என்றும் பாருங்கள்.

ஃபிக்ஸட் பக்கம் லாக்ரிங் (பல்சக்கரம் கழலாமல் பிடிக்கும் வளையம்) இருக்கிறதா என்று வாங்குமுன் பார்க்கவும். பல்சக்கரம் வழக்கமான மரையில் ஏறும், லாக்ரிங் எதிர்மரை. பின்னோக்கி மிதித்துப் பல்சக்கரம் கழலப் பார்த்தால் லாக்ரிங் மேலும் இறுகும். சிலர் ப்ரீவீல் மரையிலேயே ஃபிக்ஸட் பல்சக்கரத்தை லாக்ரிங் இல்லாமல் திருகி விற்பார்கள். அப்படி இருந்தால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். பையில் 15 மி.மீ. ஸ்பேனர் ஒன்று எப்போதும் இருக்கட்டும், பஞ்சர் ஆனால் அது இல்லாமல் சக்கரமே கழலாது.

கொம்புஹேண்டில்

அந்த 46 பல் சக்கரத்தை விற்பதாக இருந்தால் எனக்குத் தாருங்கள், நல்ல விலை தருகிறேன். கிராங்கில் அதை மாட்டும் போல்ட்களின் வட்டம் எத்தனை மி.மீ., 144-ஆ, 130-ஆ?

சமவெளியான்

130 என்று போட்டிருக்கிறது.

கொம்புஹேண்டில்

அடடா, என்னுடையது 144. சரி, விடுங்கள். 130 என்றால் உங்களுக்கு நல்லதுதான், நாளைக்கு 39 பல் வரை இறக்கிக்கொள்ளலாம். 144-இல் 42-க்குக் கீழே கிடைப்பது கஷ்டம். போலோ ஃபீல்ட்ஸ் வரும்போது இங்கே ஒரு வரி போடுங்கள், நானும் வருகிறேன். முன் பிரேக்கைப் பார்த்துச் சிரிக்க மாட்டேன்.